மூன்றாவது மருந்து

“வாயிருக்குல்ல? சொல்லித் தொலையேன்!”

அருந்ததி கணினித் திரையைத் திட்டிக்கொண்டிருக்கிறார். சூலியா தெருவில், நாணயமாற்றுக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது அலுவலகம். கிளினிக்குகளுக்குக் கணினி நிரல் எழுதிக் கொடுப்பது தொழில். கீழே பஸ் ஹாரன் அடித்தால் அதற்கும் ஒரு திட்டு விழும்.

அருந்ததிக்கு வீடு ஆயர் ஈத்தாம் என்ற ஊரில்; தினமும் அங்கிருந்து வருகிறார். வந்ததும் செருப்பைக் கழற்றி மேசைக்கடியில் தள்ளிவிடுவார்; வெறுங்காலோடு உட்கார்ந்தால்தான் வேலை ஓடும். தப்பாக ஓடும் நிரலை மன்னிப்பார். தப்புச் செய்துவிட்டு வாய் திறக்காத நிரலைக் கண்டால் மட்டும் பொறுக்கமாட்டார்.

அப்படி ஒன்றுதான் சென்ற மாதம் நவமணியைப் படுக்கையில் தள்ளியது. நவமணி ஜுரு என்ற ஊரில் தொழிற்சாலை வேலைக்குப் போகும் பெண். பெனிசிலின், ஆஸ்பிரின், சல்பா மூன்றும் தனக்கு ஒத்துக்கொள்ளாது என்று கிளினிக்கில் ஒழுங்காகச் சொல்லியிருந்தாள். தாதி ரொஸ்னாவும் இடையில் காற்புள்ளி போட்டு மூன்றையும் ஒரே வரியில் தட்டினார். நிரலோ முதல் இரண்டை எடுத்துக்கொண்டு மூன்றாவதை விழுங்கிவிட்டது. எச்சரிக்கை இல்லை, ஒரு பீப் சத்தம்கூட இல்லை. நோயாளி அட்டையில் இரண்டுதான் அச்சாயின. அதைப் பார்த்த டாக்டர் சல்பாவை எழுதிக் கொடுத்தார். முகம் வீங்கி, மூச்சடைத்து, நவமணியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள்.

நிரலை எழுதியவர் முதலாளி அம்பிகைபாகன். “ஆளுக்கு ரெண்டு போதும்னு வெச்சேன். ரெண்டுக்கு மேல அடிக்காதீங்கன்னு கிளினிக்குக்கெல்லாம் ஒரு நோட்டிஸ் அனுப்பிடலாம்லா” என்றார்.

அருந்ததி எழுந்து நின்றுவிட்டார். “யாருக்கு எத்தனை மருந்து ஒத்துக்காதுன்னு நீங்களா சார் முடிவு பண்றது? ஒருத்தருக்கு ஒண்ணுமே இருக்காது, இன்னொருத்தருக்கு ஏழு இருக்கும். வர்றத எல்லாம் வாங்கிக்கணும். முடியலைன்னா முடியலைன்னு கத்தணும்!”

“நீ கத்தாதம்மா. கீழ கேக்கும்.”

“கேக்கட்டும்!”

போகக்கூடாது என்று முதலாளி தடுத்தும் அருந்ததி ஆஸ்பத்திரிக்குப் போனார். நவமணிக்குக் கண் பாதிதான் திறந்திருந்தது.

“நான்தான் சரியாச் சொல்லலையாக்கா? எல்லாரும் அதையே கேக்குறாங்க.”

“நீ சரியாத்தான் சொன்ன. ரொஸ்னா மிஸ்ஸியும் சரியாத்தான் அடிச்சாங்க. எங்க புரோகிராம்தான் தின்னுடுச்சு.”

நவமணி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். அதுவரை யாரும் அவளிடம் அப்படிச் சொல்லவில்லை.

மறுநாள் அருந்ததி ஒவ்வொரு கிளினிக்காகப் போன் செய்து, பழைய அட்டைகளை நம்ப வேண்டாம் என்றார். பிறகு நிரலைப் பிரித்துப் போட்டார். இனி அது காற்புள்ளிவரை படிக்கும், படித்ததைச் சேர்த்துக்கொள்ளும், மறுபடி படிக்கும். வரி முடியும்வரை நிற்காது. புரியாதது ஏதும் வந்தால் அட்டை அச்சாகாது, திரை முழுக்கப் பெரிய எழுத்தில் சொல்லும்.

நேற்று ஓட்டிப் பார்த்தார். மருந்தே இல்லாத வரி, ஒன்று உள்ள வரி, ஏழு உள்ள வரி, எதிலும் எதுவும் விடுபடவில்லை. கடைசியில் நவமணியின் வரியைத் தட்டினார். மூன்றும் வந்தன. எதிர் மேசையில் அம்பிகைபாகன் இன்னமும் நோட்டிஸைத் திருத்திக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை.

அருந்ததி கனமான திரைப்பெட்டியை இரு கைகளாலும் தூக்கினார். வயர்கள் இழுபட நடந்து போய், முதலாளி திருத்திக்கொண்டிருந்த தாளின் மேலேயே வைத்தார்.