அழகாயி பார்க்காத பாதி

பதினாறு வருஷம் நான் ராணியாக இருந்தேன். பகலில், இலங்கையில் உக்குவளைக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டுகிறவன். மாரியம்மன் திருவிழாக் கூத்தன்று மட்டும் மீசையை எடுத்துவிட்டு, ஜரிகைச் சேலை கட்டி, தகரக் கிரீடம் வைத்துக்கொண்டால் என் பெண்சாதியே எழுந்து நின்று பார்ப்பாள். நான் அழுதால் எங்கள் குடியிருப்பு லயமே அழும். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைக்காகவும்தான் சொல்கிறேன், அதில் என்ன தப்பு? அப்படிப்பட்ட ராணியை ஒரே கேள்வியில் முட்டாளாக்கியவள் அழகாயி. அவளுடைய கதைதான் இது.

அழகாயி எங்கள் மத்தளக்காரன் அழகுமுத்துவின் மனைவி. மூன்று பிள்ளை பெற்றவள். ஆள் குள்ளம், ஆனால் மலையில் நின்று ஒரு சத்தம் போட்டால் கீழே ரயில் பாதையில் போகிறவன் திரும்பிப் பார்ப்பான். ஒருமுறை கணக்கப்பிள்ளை கொழுந்து நிறுக்கும்போது, தராசில் தொங்கிய கூடையைக் கீழேயிருந்து கால் முனையால் தாங்கிக்கொண்டார். நிறை குறைந்தது. மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டு நின்றார்கள். அழகாயி குனிந்தாள். அவர் காலை இரண்டு கையாலும் எடுத்துத் தள்ளி வைத்தாள். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "இப்ப நிறுங்கய்யா" என்றாள். திட்டுவதா ஆசீர்வாதம் பண்ணுவதா என்று தெரியாமல் அவர் நிறுத்துக் கொடுத்தார்.

எங்கள் கூத்தின் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். போரில் ராஜா இறந்துபோகிறார். ராணி காட்டு வழியே தப்பி ஓடுகிறாள். காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தூக்கி நடக்க முடியாமல் ஒரு மரத்தடியில் கிடத்திவிட்டுப் போகிறாள். நான் அந்தப் பிள்ளையைக் கிடத்தும்போது நடுச்சாமம் தாண்டிவிடும். பெண்கள் அழுது முடித்து, மூக்கைச் சிந்திக்கொண்டு லயத்துக்குப் போய்விடுவார்கள். மூன்றரைக்கு எழுந்து ரொட்டி சுட்டு, குழந்தைகளைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு, பெரட்டுக் களத்தில் பேர் கொடுக்க நிற்க வேண்டும். திருவிழா என்று தேயிலை துளிர்க்காமல் இருக்குமா? ஆம்பிளைகள் விடிய விடிய உட்கார்ந்திருப்பார்கள். ரொட்டி தானாக வந்துவிடும் அல்லவா.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்று. திருவிழாவுக்கு ஒரு மாதம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அழகுமுத்து வீட்டு வாசலில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தோம். அழகாயி கேத்தலில் பிளேன்டீ கொண்டுவந்தாள். ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"இந்த வருஷம் கடைசியில இருந்து ஆடுங்க."

எங்கள் கூத்து வாத்தியார் இராசமாணிக்கம் தாளத்தை மடியில் வைத்தார். "கூத்து என்ன சேலையா, எந்தப் பக்கத்துல இருந்தும் உடுத்துக்க?"

"பதினாறு வருஷமா அந்தப் பச்சப்புள்ளைய மரத்தடியில பாத்துட்டுப் போறேங்க. அப்புறம் அவன் என்ன ஆனான்னு எனக்குத் தெரியணும். வெளிச்சம் இருக்கும்போதே முடிவ ஆடிருங்க. முன்பாதி எங்களுக்கு மனப்பாடம்."

வாத்தியார் சிரித்துவிட்டார். "இவ்வளவுதானா? கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே. புள்ள கெடச்சிரும்."

"எப்படிக் கெடைக்கும்?"

"கெடச்சிரும்."

"யாரு எடுத்து வளத்தாங்க?"

வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் அழகுமுத்துவைப் பார்த்தேன். அவன் பிளேன்டீக்குள் பார்த்தான்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எங்களில் ஒருவருக்கும் தெரியாது. பிள்ளையை விட்ட பிறகு கோமாளி வருவான், சண்டை வரும், இன்னொரு கோமாளி வருவான். அதற்குள் வேலைக்கு ஆள் கூப்பிடும் பெரட்டுத் தப்பு அடித்துவிடும். தப்புச் சத்தம் கேட்டதும் எந்த இடத்தில் நிற்கிறோமோ அங்கேயே மங்களம் பாடிவிட்டு வேலைக்கு ஓடுவோம். வாத்தியாரின் கூத்து நோட்டில் கடைசிப் பக்கங்களைக் கறையான் தின்று பல வருஷம் ஆகியிருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. நானோ அந்த நேரத்தில் திரைக்குப் பின்னால் கிரீடத்தைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கிக்கொண்டிருப்பேன். பெற்றவள் நான்! என் பிள்ளை என்ன ஆனான் என்று ஒரு தடவையாவது கேட்டேனா? எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"அதுக்கென்ன, 'வந்தானே மைந்தன்'னு ஒரு வரி போட்டு முடிச்சிரலாம்" என்றார் வாத்தியார்.

அழகாயி கேத்தலைக் கீழே வைத்தாள். கைகளைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"ஏழு வயசுல கடல் தாண்டி மன்னாருல எறங்கி, காட்டுப்பாதையில நடந்து வந்தவ நான். எங்க தம்பிக்கு மூணு வயசு. நாலந்தயில வழிப்போக்கரு தங்குற அம்பலத்துல காய்ச்சல்ல கெடந்தான். கூட்டிட்டு வந்த கங்காணி நிக்க விடல. யாராச்சும் எடுத்துக்குவாங்கன்னு சொல்லி எங்கம்மா அவன அங்கயே படுக்க வச்சுட்டு நடந்துட்டா. சாகுற வரைக்கும் அதையேதான் சொன்னா. யாராச்சும் எடுத்திருப்பாங்க, யாராச்சும் எடுத்திருப்பாங்க. அந்த யாராச்சும் யாரு? கூத்துலயாவது தெரிஞ்சுக்கலாம்னு வருஷா வருஷம் கண்ணு முழிக்கப் பாக்குறேன், முடியல. நீங்க ஒரு வரியில மூடப் பாக்குறீங்க."

அழகுமுத்துவுக்கே இது புதுச் செய்தி. பதினெட்டு வருஷம் கூட வாழ்ந்தவன், மத்தளத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தான். வாத்தியார் தாளத்தைத் துண்டால் துடைத்தார். அதில் அழுக்கே இல்லை.

"சரி. யாரு எடுத்ததுன்னு நீயே சொல்லு."

"அந்த ரோட்டுல போன வண்டிக்காரரு யாராச்சும்தான். முஸ்லிம் நானாமாருதானே அங்க மாட்டுவண்டி ஓட்டுவாங்க."

பெட்ரோமாக்ஸ் விளக்கை வாடகைக்கு விடும் அப்துல் ஸமத் நானா அப்போது வாசலில்தான் நின்றார். உக்குவளையில் கடை, நாலந்தைக்கும் அப்பாலுக்கும் போய்வர ஒரு மாட்டுவண்டி. எல்லாரும் தன் பக்கம் திரும்பியதும் அவர் ஒரு அடி பின்னே வைத்தார்.

"நான் கிரீடம் வைக்க மாட்டன். பாட மாட்டன். பவுடர் பூச மாட்டன். இப்பவே சொல்லிட்டன்."

"ஒண்ணுமே வேணாம் நானா" என்றாள் அழகாயி. "உங்க வண்டியிலயே வந்து நில்லுங்க. ராணி கேட்டா, புள்ள எங்கிட்டதான் இருக்குன்னு ஒரு சொல்லு சொன்னாப் போதும்."

அந்த ஒரு மாதமும் எங்கள் பாடு திண்டாட்டம். முடிவு முதலில், பிறகு அதற்கு முந்தினது, பிறகு அதற்கும் முந்தினது என்று முழுக் கூத்தையும் தலைகீழாக ஆட வேண்டும். செத்த ராஜா எழுந்து போருக்குக் கிளம்பினார். நான் ஆனந்தக் கண்ணீரை முதலில் விட்டுவிட்டு, துக்கக் கண்ணீரை மிச்சம் பிடிக்க வேண்டியிருந்தது. வாத்தியார் தினமும் ஒரு தடவையாவது கூத்தை விட்டுப் போவதாகச் சொன்னார். மறுநாள் எல்லாருக்கும் முன்னால் வந்து நிற்பார்.

திருவிழாவும் ஞாயிற்றுக்கிழமையாகவே அமைந்தது. சாயந்திரம் நாலு மணிக்குக் கூத்துக் களத்தில் பெண்கள் முன்னால் உட்கார்ந்தார்கள், மடியில் பிள்ளைகளோடு. ஆம்பிளைகளுக்குப் பின்னால்தான் இடம். நான் திரையை விலக்கிக்கொண்டு வெயிலில் இறங்கினேன். இருட்டில் மின்னிய கிரீடத்தில் அன்றைக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரிந்தது.

"ஐயோ, ராணி தலையில பிஸ்கட் டின்னுடி!" என்றாள் அழகாயி. களம் சிரித்து ஓய ஐந்து நிமிஷம் ஆயிற்று.

ஸமத் நானா வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். பாவம், புதுச் சாரமும் வெள்ளைத் தொப்பியுமாக வந்திருந்தார். நான் மண்டியிட்டுப் பாடினேன். என் மகனை எடுத்து வளர்த்த புண்ணியவான் எவரோ என்று கேட்டேன்.

"பிள்ள எங்கிட்டதான் இரிக்கி" என்றார்.

அவ்வளவுதான் அவர் பேச்சு. வாத்தியார் மங்களத்துக்குத் தாளத்தைத் தூக்கினார். அப்போது முன்வரிசையிலிருந்து அழகாயி எழுந்தாள்.

"காய்ச்சல் விட்டுச்சா நானா?"

இது ஒத்திகையில் இல்லை. வாத்தியார் கை அப்படியே நின்றது. ஸமத் நானா வண்டியிலிருந்து இறங்கினார். தரையில் கிடந்த ராணியாகிய என்னைத் தாண்டி நடந்து, அவள் முன்னால் போய் நின்றார்.

"ஆறு நாள் விடல்ல. எங்க வாப்பாதான் வண்டியில போட்டுக் கொண்டு வந்த. உம்மா கொத்தமல்லி அவிச்சுக் குடுத்த. ஏழாம் நாள் எழும்பி நடந்தான்."

"என்ன சாப்பாடு போட்டீங்க?"

"காலையில குரக்கன் கஞ்சி. வெள்ளிக்கிழமையில இறைச்சி. எனக்கு வச்ச துண்டையும் அவன்தான் திம்பான்."

அழகாயி சிரித்தாள். பிறகு மெல்லக் கேட்டாள். "எங்கம்மாவக் கேட்டானா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "கேட்டான். ஒரு வருஷம் கேட்டான். பொறகு எங்க உம்மாவ உம்மா எண்டு கூப்பிட்டான். கோவிச்சுக்காத தங்கச்சி."

அவ்வளவும் அவர் அங்கே நின்ற இடத்தில் கட்டியது. எங்களுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் கை கூப்பினாள். "கோவமில்ல நானா" என்று உட்கார்ந்தாள். அழகுமுத்து தலையைக் குனிந்துகொண்டு மத்தளத்தை இழுத்து இழுத்துக் கட்டினான். வாத்தியார் மங்களம் பாடினார். பதினாறு வருஷம் அழுத நான் அன்று ஒருவர் கண்ணிலும் படவில்லை. எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

விளக்கு ஏற்றும் நேரத்தில் அடுத்த கட்டம். பிள்ளையாக வைத்திருந்த மரப்பாச்சியை மரத்தடியில் கிடத்தினேன். குரலை உடைத்து, நெஞ்சில் அடித்து, என் வித்தை முழுவதையும் இறக்கினேன். வழக்கமாக இந்த இடத்தில் களமே விம்மும். அன்று ஒரு மூக்குச் சிந்தும் சத்தம்கூடக் கேட்கவில்லை. ஓரக்கண்ணால் பார்த்தேன்.

"போதும் எந்திரிடி!" என்று கத்தினாள் அழகாயி. "அவன் ஏழாம் நாளே எந்திரிச்சு நடந்துட்டான். நீ தைரியமாப் போ!"

"போ, போ!" என்று அத்தனை பெண்களும் கை காட்டினார்கள்.

போகும்போது மரத்தடியை மூன்று முறை திரும்பிப் பார்த்து அழ வேண்டும் என்பது வாத்தியார் பாடம். பதினாறு வருஷத்தில் நான் அதைத் தவற விட்டதே இல்லை. அன்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.