என் பாட்டில் நாறியதை யாரும் சொல்லவில்லை

இன்று ரந்தாவ் டவுனிலிருந்து எஸ்டேட்டுக்குத் திரும்பும் ஸ்கூல் பஸ்ஸில், பக்கத்து சீட் குட்டி கவிதா தண்ணி கேட்டாள். என் எவர்சில்வர் பாட்டிலை நீட்டினேன்.

வாய் வைத்தவள் முகம் கோணினாள். "அண்ணே, உள்ள எலி செத்துக் கெடக்கா?"

"எலி இல்லம்மா, அதோட ஆவி மட்டும்தான்," என்றேன். பஸ்ஸே சிரித்தது.

டிரைவர் அங்கிள் கண்ணாடியில் பார்த்தார். "மூடியில இருக்குற ரப்பர் வளையத்தக் கழட்டிக் கழுவுறியாடா?"

அது கழலும் என்பதே எனக்குத் தெரியாது லா!

வீட்டுக்கு வந்து கழற்றினேன். அடியில் கறுப்பாகப் பாசி, என்றைக்கோ ஊற்றிய பால் தேத்தண்ணியின் மிச்சம். வளையத்தைப் பழைய பிரஷ்ஷால் தேய்த்தேன். பாட்டிலில் ஆப்ப சோடாவும் சுடுதண்ணியும் ஊற்றி ஊறவைத்தேன்.

அம்மா பழக்கியபடி நான் எப்போதும் அண்ணாந்துதான் குடிப்பேன். மூக்குக்கு வேலையே இல்லை. கேட்காமல் பிடுங்கி, வாய் வைத்துக் குடித்துவிட்டு, என்னையே திட்டுகிறவன் என் நண்பன் சுரேஷ் ஒருத்தன்தான். அவன் குடும்பம் ஜோகூருக்குப் போய் நாலு மாசம்.

ஆக, நாலு மாசமாக என் பாட்டிலை யாருமே தொடவில்லை.

இப்போது நாற்றம் போய்விட்டது என்று நினைக்கிறேன். அம்மா வேலை முடிந்து வர ஏழு மணியாகும்.

அதுவரை மோந்து பார்த்துச் சொல்ல ஆள் தேவை. சம்பளம் கிடையாது, தண்ணி உண்டு.