எங்கள் கரைக்கு நீல நிறம்

ஓசூருக்குப் பக்கத்தில், ஆறு வந்து அணைக்குள் சேருகிற இடத்தில்தான் எங்கள் தக்காளித் தோட்டம். பெங்களூர்ப் பக்கமிருந்து வரும் ஆறு. மழை பெய்தால் ஆளுயர நுரையையும் கூட்டிக்கொண்டு வரும். பிறந்ததிலிருந்து பார்க்கிற நுரைக்கு யார் பயப்படுவார்கள்? நாங்கள் நடுங்கியதெல்லாம் ஒரு ரப்பர் படகுக்கு.

நான் நான்காம் வகுப்பு படித்த வருடம் அது வந்தது. அதில் வந்தவர்கள் அணையின் ஆழத்தை அளந்து, இடத்துக்கு இடம் தண்ணீரைப் பிடித்துச் சோதித்து, படம் போடப் போகிறார்களாம். நல்ல தண்ணீருக்கு நீலம், கெட்டதற்குச் சிவப்பு. கேட்டதும் அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது.

"நம்ம கரைய செவப்புனு போட்டுட்டா, ராயக்கோட்டை மண்டியில ஒருத்தனும் நம்ம தக்காளிய தொடமாட்டான்டா" என்று தன் தம்பியிடம் சொன்னாள். அப்பா இல்லாத வீடு. தக்காளி விற்றால்தான் சோறு. கம்பெனியில் ஷிப்ட் முடித்துவிட்டு வந்து தோட்டத்தையும் பார்த்துக்கொண்டவர் மாமாதான்.

"சும்மா இரு அக்கா, நான் பாத்துக்கறேன்" என்றார் அவர்.

எங்கள் கரையில் ஒரே சேறும் நுரையும். படகைக் கரை சேர்க்க முடியவில்லை. தொப்பி போட்ட மேடம் ஒருவர், "அண்ணா, நீங்களே கொஞ்சம் நீரு பிடிச்சுக் குடுங்க" என்று கன்னடம் கலந்த தமிழில் சொல்லி, பாட்டிலை வீசினார். மாமா பவ்யமாக அதை வாங்கிக்கொண்டு மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் போனார். நானும் போனேன். கம்பெனி ஃபில்டரில் பிடித்து வந்திருந்த தண்ணீரை அதில் ஊற்றி, நம்புகிற மாதிரி இருக்கட்டும் என்று ஒரு சிட்டிகை மண்ணையும் போட்டுக் குலுக்கினார் மனிதர்.

"வாயத் தொறந்த, போலீசு வந்து நம்ம எல்லாரையும் கூட்டிட்டுப் போயிரும்" என்றார் என்னிடம்.

மாமா திருப்பி வீசிய பாட்டிலை மேடம் வெயிலில் தூக்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பாப்பா, நீங்க குடிக்கிறது எந்த நீரு?"

கரையை ஒட்டி இருந்த எங்கள் கிணற்றைக் காட்டினேன். அவர் அதையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பாட்டில் மேல் ஒரு நம்பரை எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அதற்கப்புறம் எனக்குத் தூக்கமே இல்லை. ஜீப் சத்தம் கேட்டால் தக்காளிக் கூடைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். காக்கிச் சட்டை போட்ட தபால்காரரைக் கண்டு பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் பாதி வழியில் திரும்பி ஓடி வந்தேன். காய்ச்சலே வந்துவிட்டது. எதையோ பார்த்துப் பயந்திருக்கிறேன் என்று அம்மா மந்திரித்துக் கயிறு கட்டினாள். மாமா மட்டும் என் பக்கமே திரும்பவில்லை.

ஒருநாள் பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் படத்தை ஒட்டினார்கள். எதிர்க்கரை முழுக்கச் சிவப்பு, எங்கள் கரை மட்டும் நல்ல நீலம். மாமா லட்டு வாங்கி வந்தார். மண்டியில் யாரும் அந்தப் படத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. இரண்டு கரைத் தக்காளியும் ஒரே லாரியில்தான் போயிற்று.

பிறகு குடிதண்ணீர்க் குழாய் போடப்போவதாகச் செய்தி வந்தது. படத்தில் சிவப்பாக இருக்கிற ஊர்களுக்கு மட்டும்தானாம். அந்தச் செய்தி வந்த அன்று, அம்மா கிணற்றில் சேந்திய தண்ணீரைச் சொம்பில் கொண்டுவந்து மாமாவிடம் கொடுத்தாள். அவர் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"பாவம் மாமா, எதிர்க்கரைக்காரங்க. தண்ணி கெட்டதுன்னு ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. நாம தப்பிச்சுக்கிட்டோம்" என்றேன்.

மாமா சொம்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். இவருக்கு என்ன வந்தது என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. இனிமேல் போலீஸ் வராது என்ற சந்தோஷத்தில் அந்தத் தண்ணீரை நானே எடுத்து மடமடவென்று குடித்தேன்.