அன்றன்றைக்கு ஒரு மெர்சி

எங்கள் வீட்டில் விளக்கு வைத்ததும் ஆளுக்கு ஒரு மெர்சி சொல்ல வேண்டும். என் மனைவி கொண்டுவந்த வழக்கம் அது. சீராக ஒரு குத்துவிளக்கும் இரண்டு அண்டாவும் வந்தன, கூடவே இதுவும் வந்தது என்று நான் சொல்வதுண்டு. அவள் உழவர்கரையில் நெல்லும் கேழ்வரகும் பயிரிட்ட குடும்பத்துப் பெண். ஆனால் படித்தது புதுச்சேரி டவுனில், கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில். சாயங்காலம் மணி அடித்ததும் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, அன்றைக்குக் கிடைத்த நல்லது ஒன்றைச் சொல்லி பிரெஞ்சில் நன்றி என்று பொருள்படும் 'மெர்சி'யோடு முடிக்கச் சொல்வார்களாம். அந்த நன்றி யாருக்கு என்பதில் கன்னியாஸ்திரிகளுக்குச் சந்தேகம் இருந்திருக்காது. என் மனைவி விலாசத்தை விட்டுவிட்டு மெர்சியை மட்டும் எடுத்துக்கொண்டாள். மயிலம் முருகனுக்குப் போகிறதா, மாதா கோயிலுக்குப் போகிறதா என்று ஒருமுறை கேட்டேன். போய்ச் சேருகிற இடத்துக்குப் போகும் என்று சொல்லிவிட்டுத் திரியைத் தூண்டினாள்.

சட்டம் கொஞ்சம் கடுமை. சொல்வது அன்றைக்கு நடந்ததாக இருக்க வேண்டும். ஏற்கெனவே சொன்னதைத் திருப்பிச் சொல்லக்கூடாது. 'எல்லாரும் சுகம்' என்பதுபோன்ற பொத்தாம்பொதுவான பேச்சு செல்லாது. உலர்ந்த துணியை எடுத்து உள்ளே போட்ட பிறகு மழை வந்தது என்றால் செல்லும். பால்காரர் இன்று தண்ணீரைக் குறைத்து ஊற்றினார் என்றால் அதுவும் செல்லும். எங்கள் மகள் அப்போது சின்னவள். ஒருநாள் பல்லியின் வால் அறுந்து துடித்ததைப் பார்த்தேன் மெர்சி என்றாள். பல்லிக்கு அதில் என்ன நல்லது என்று கேட்டேன். பல்லி தப்பித்து ஓடிவிட்டதே என்றாள். தாயும் மகளும் ஒரே கட்சி.

மாமனாரும் எங்களோடுதான் இருந்தார். பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டதால் உழவர்கரையிலிருந்து அழைத்து வந்து வைத்திருந்தோம். என் மனைவிக்குக் கூடப் பிறந்தவர்கள் கிடையாது. அவரைக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் அவள்தான். வாய் கோணியிருந்ததால் மெர்சி அவர் வாயில் 'மெச்சி' என்று வரும். எதற்காக என்று அவரால் சொல்ல முடியாது, மெச்சியோடு நின்றுவிடுவார். மகள் அதற்கு ஒரு காரணத்தைத் தானே கற்பித்துச் சொல்வாள். அவர் தலையசைத்து ஒப்புக்கொள்வார்.

எனக்கு இதெல்லாம் ஒத்துவராத சரக்கு. குறை கண்ணில் படுவதற்கு எனக்குக் கண்ணாடி தேவைப்பட்டதில்லை. வாடகை வீட்டின் தளம் ஒழுகும். தெருக்குழாயில் தண்ணீர் வரும்போது நான் அலுவலகத்தில் இருப்பேன், நான் வீட்டில் இருக்கும்போது தண்ணீர் வராது. இப்படிப்பட்ட நாளில் நல்லதைத் தேடிச் சொல் என்றால் எரிச்சல்தான் வரும். ஆனாலும் சாப்பாடு அதற்குப் பிறகுதான் என்பதால் ஏதோ ஒன்றைச் சொல்லி ஒப்பேற்றிவந்தேன்.

நான் ஒரு அலுவலகத்தில் தாக்திலோ. பிரெஞ்சுக்காரன் காலத்தில் டைப் அடிப்பவருக்கு அதுதான் பெயர். ஐம்பத்து நான்கில் ஊர் இந்தியாவோடு சேர்ந்தது. தெருவெல்லாம் கொடி கட்டினார்கள், நானும் ஒன்று கட்டினேன். பிறகு அதே நாற்காலியில் உட்கார்ந்தபடியே டைப்பிஸ்ட் ஆனேன். காகிதங்கள் கொஞ்சம் கொஞ்சமாக இங்கிலீஷுக்கு மாறின. இங்கிலீஷ் எனக்கு வாசிக்கத் தெரியும், அதில் பயமில்லை. பயம் மெஷினில் இருந்தது. பிரெஞ்சு மெஷினை எடுத்துக்கொண்டு போய் இங்கிலீஷ் மெஷினை வைத்தார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் பிரெஞ்சு மெஷினில் 'ஏ' இருக்கும் இடத்தில் இங்கிலீஷ் மெஷினில் 'க்யூ' இருக்கும். 'டபிள்யூ'வும் 'இசட்'டும் இடம் மாறியிருக்கும். 'எம்' ஒரு வரிசை கீழே இறங்கியிருக்கும். ஆக ஐந்தே எழுத்து. எண் அடிப்பதென்றால் பழையதில் ஷிப்ட் கட்டையை அழுத்த வேண்டும், புதியதில் அழுத்தக்கூடாது.

வாலிப வயதிலிருந்து பார்க்காமல் அடித்துப் பழகிய விரல்கள் என்னுடையவை. அவற்றிடம் ஊர் மாறிவிட்டது என்று யார் போய்ச் சொல்வது? குடிதண்ணீர் பற்றிய ஒரு கடிதத்தில் 'வாட்டர்' என்று அடித்தேன். காகிதத்தில் விழுந்தது எந்த நாட்டுப் பாஷையிலும் இல்லாத ஒன்று. தேதி இருக்க வேண்டிய இடத்தில் சதவீதக் குறியும் மேற்கோள் குறியும் வரிசையாக நின்றன. மதராஸிலிருந்து புதிதாக வந்திருந்த மேலதிகாரி அதைக் கையில் வைத்துக்கொண்டு, இது பிரெஞ்சா என்று கேட்டார். கிண்டலாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் நிஜமாகவே கேட்டார்.

அடுத்த வருடம் எங்களுக்கெல்லாம் இங்கிலீஷ் டைப் பரீட்சை என்று சொல்லிவிட்டார்கள். தேறினால் இதே ஊரில் இதே வேலை. தேறாவிட்டால் யானாம். அங்கே இங்கிலீஷ் மெஷின் இன்னும் போய்ச் சேரவில்லை, பழைய விரல்கள் அங்கே உதவும் என்பது அதிகாரியின் கணக்கு. அவர் அதை ஒரு சலுகையாகத்தான் நினைத்தார். யானாமும் பிரெஞ்சுக்காரனிடம் இருந்த ஊர்தான், ஆனால் தெலுங்கு தேசத்தில் கோதாவரிக் கரையில் இருக்கிறது. விழுப்புரம் போய், மதராஸ் போய், அங்கிருந்து கல்கத்தா வண்டி பிடித்து, இறங்கிப் பஸ் ஏறிப் போக வேண்டும். படுத்த படுக்கையாக இருக்கும் மாமனாரை அப்படித் தூக்கிக்கொண்டு போக முடியாது. அவரை விட்டுவிட்டு மனைவி வர முடியாது. தேறவில்லை என்றால் நான் மட்டும் போக வேண்டும். வீட்டில் இதை நான் ஒருமுறை சொன்னேன், அதன் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

டவுனில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் ஒன்று புதிதாகத் திறந்திருந்தார்கள். மெஷின் குறைவு, ஆள் அதிகம். என் முறை வரக் கொஞ்சம் நாளாகும் என்றார்கள். அதுவரை சும்மா இருப்பானேன் என்று மனைவி ஒரு யோசனை செய்தாள். கூடத்துச் சிமெண்டுத் தரையில் சாக்கட்டியால் மெஷின் கட்டைகளை வரைந்து வைத்தால் பழகலாமே என்றாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கோலத்துக்குப் புள்ளி வைப்பதுபோல் வட்டங்களை வரிசையாகப் போட்டாள். நான் முகச்சவரம் செய்துகொண்டே எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்ல, அவள் வட்டத்துக்குள் எழுதினாள்.

அன்றிலிருந்து தினமும் அலுவலகம் விட்டு வந்ததும் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, தலையை நிமிர்த்தியபடி சிமெண்டைத் தட்டினேன். நான் எழுந்ததும் மகள் அதில் நொண்டியடித்துப் பாண்டி ஆடினாள். அழிந்த வட்டங்களை மனைவி மறுபடி வரைந்து வைத்தாள். மாமனார் படுக்கையிலிருந்து எட்டிப் பார்த்து மெச்சி என்றார். ஆச்சரியம் என்னவென்றால் எனக்கு நன்றாக வந்தது. தடங்கலே இல்லை. இவ்வளவு சுலபமா என்று எனக்கே தோன்றியது. அந்த நாட்களில் என் மெர்சிகூட எளிதாக வந்தது. விரல் நன்றாகத் திரும்பிவிட்டது மெர்சி என்றேன். ஒரே விஷயத்தை வேறு வேறு வார்த்தையில் சொல்கிறேன் என்று மனைவி சிரித்தாள், ஆனால் தள்ளவில்லை.

இன்ஸ்டிடியூட்டில் இடம் கிடைத்துப் போய் உட்கார்ந்தேன். அடித்த முதல் வரியைப் பார்த்தேன். முன்னைவிட மோசம். கட்டைகளைக் குனிந்து பார்த்தேன். அப்புறம்தான் புரிந்தது. சவரக் கத்தியும் கையுமாகக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நான் ஒப்பித்தது பழைய பிரெஞ்சு மெஷினின் வரிசை. கன்னியாஸ்திரிகளிடம் பிரெஞ்சு படித்த அவளும் சந்தேகப்படாமல் அதையே எழுதியிருக்கிறாள். மறக்க வேண்டியதை நான் தரையில் உட்கார்ந்து மெனக்கெட்டு உருப்போட்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வரும்போது விளக்கு வைத்தாகிவிட்டது. நடந்ததைச் சொன்னேன். மனைவி தரையைப் பார்த்தாள். பிறகு, பரீட்சைக்கு முன்பே தெரிந்ததே, அதற்கு ஒரு மெர்சி என்று தணிந்த குரலில் சொன்னாள்.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. கையிலிருந்த தம்ளரை வைத்த வேகத்தில் காப்பி சுவரில் தெறித்தது. குடும்பமே இரண்டாகப் போகப் போகிறது, உனக்கு இதிலும் சந்தோஷமா என்று கத்தினேன். மகள் தாத்தாவின் கட்டிலுக்குப் போய்விட்டாள். என் மனைவி குரலை உயர்த்தவில்லை.

"எல்லாம் நல்லா இருக்குதுன்னா நான் சொல்றேன்?" என்றாள். "நல்லா இல்லன்னுதாங்க தேடுறேன். தேடலன்னா காலைல எழுந்துக்கவே முடியாது என்னால."

ஈரத்துணி எடுத்து வந்து சாக்கட்டிக் கட்டைகளை அழித்தாள். அதன் பிறகு சுவரையும் துடைத்தாள். நான் இனிமேல் என் பங்கைச் சொல்லப்போவதில்லை, அவரவர் சொல்லிக்கொள்ளலாம் என்றேன். சரி என்றாள். அப்படியே நடந்தது. அவர்கள் மூன்று பேரும் சொன்னார்கள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பாடு மட்டும் எனக்கும் சேர்த்துத்தான் வந்தது.

பரீட்சையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இன்ஸ்டிடியூட்டில் மிச்சமிருந்த நாட்களில் உயிரைக் கொடுத்துப் பழகினேன். மெதுவாக அடித்தால் சரியாக வந்தது. பரீட்சையில் மெதுவாக அடிக்க விடமாட்டார்கள். முதல் பத்தி ஒழுங்காகப் போயிற்று. நேரம் போகிறது என்று நினைத்த அந்தக் கணத்தில் விரல்கள் பழைய வீட்டுக்குத் திரும்பிவிட்டன. கீழே பார்த்தபோது காகிதம் பாதி புரியாத எழுத்தால் நிறைந்திருந்தது. பிரெஞ்சு மெஷினையே தொட்டறியாத இளவட்டங்கள் எல்லாம் தேறினார்கள். எனக்கு யானாமுக்கு உத்தரவு வந்தது. அதிகாரி கையைக் குலுக்கி, அங்கே உங்களுக்குச் சௌகரியமாக இருக்கும் என்றார். மனிதர் கெட்டவரில்லை.

யானாமில் நான் சில வருடங்கள் இருந்தேன். அந்த ஊரைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது, சொல்லப்போவதில்லை. சாயங்காலம் ஆற்றங்கரையில் உட்கார்ந்து அன்றைக்கு ஒன்று தேடி எடுப்பேன். சில நாள் விளக்கு வைத்து வெகு நேரம் வரை அகப்படாது. அகப்பட்டால் வாய்விட்டே சொல்வேன். எனக்கு அறை வாடகைக்கு விட்டிருந்த தெலுங்குக்காரர், யாரோடு பேசுகிறீர்கள் என்று ஒருநாள் விசாரித்தார். வீட்டோடு என்றேன். இந்தப் பழக்கம் எனக்கு எப்படிப் பிடிபட்டது என்று சொல்ல வேண்டுமானால், நான் புதுச்சேரியை விட்டுக் கிளம்பிய அந்தச் சாயங்காலத்தைச் சொல்ல வேண்டும்.

மாமனாரைப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மனைவியும் மகளும் ஸ்டேஷனுக்கு வந்தார்கள். விழுப்புரம் வண்டி நின்றிருந்தது. முன்பெல்லாம் சுங்கக்காரர்கள் பெட்டி படுக்கையைப் பிரித்துப் பார்த்து வண்டியைத் தாமதப்படுத்துவார்கள். ஊரே அவர்களைத் திட்டும், நானும் திட்டியிருக்கிறேன். இணைப்புக்குப் பிறகு அந்தச் சோதனையெல்லாம் எடுபட்டுப் போயிற்று. அன்றைக்கு மட்டும் அவர்கள் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

பிளாட்பாரத்தில் விளக்கைப் போட்டார்கள். மகளுக்கு வீடு, ஸ்டேஷன் என்ற பேதமெல்லாம் கிடையாது. இன்ஜினைக் கிட்டப் போய்ப் பார்த்தேன் மெர்சி என்றாள். சொல்லிவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது என்றோ, மழை இல்லாமல் வந்து சேர்ந்தோம் என்றோ ஏதாவது சொல்வாள். எனக்கு எரிச்சல் வரும். எரிச்சலோடு ஏறிப் போவது சுலபம். உண்மையைச் சொன்னால் அந்த எரிச்சலுக்காகவே காத்திருந்தேன்.

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். வண்டியைப் பார்த்தாள், என் டிரங்குப் பெட்டியைப் பார்த்தாள், மேலே வானத்தைக்கூடப் பார்த்தாள். நிஜமாகவே தேடுகிறாள் என்று தெரிந்தது.

"இன்னிக்கு ஒண்ணும் கெடைக்கலங்க," என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு அப்படி ஒரு நாள் வந்ததில்லை. ஒழுகுகிற தளத்திலும் ஓயாத வேலையிலும் துழாவி எதையாவது எடுத்துவிடுகிறவள். நான் போவதை ஈடுகட்ட அவளுக்கு எதுவும் அகப்படவில்லை. எந்தப் பெண்ணும் தன் புருஷனிடம் இதைவிடத் தெளிவாக எதையும் சொல்லியிருக்க முடியாது. எனக்கு அந்த நேரத்திலும் சந்தோஷமாக இருந்தது, அதை மறைப்பானேன். நான் அவளுக்கு அவ்வளவு வேண்டியவன் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

கார்டு விசில் கொடுத்தார். நான் ஏறி ஜன்னலுக்கு வந்தேன்.

"எனக்குக் கெடைச்சிது," என்றேன்.

"என்னாது?"

"நீ இப்ப சொன்னதுதான்," என்றேன். "மெர்சி."

அவள் சிரிக்கவில்லை. மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பிளாட்பாரம் முடிகிற வரை வண்டியோடு நடந்து வந்தாள்.