அடுத்த சிப்பு வரட்டும்

அமெரிக்காவில் ஒரு கம்பெனி கம்ப்யூட்டருக்கு அடுத்து என்ன சிப்பு போடப்போகிறது என்று காரைக்காலில் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் அநேகமாக இரண்டே பேர்தான். ஒருவன் நான். இன்னொருவன் என் கூட்டாளி. எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் எனக்கு வயிற்றெரிச்சல்தான் வருகிறது.

ரேடியோ, டிவி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தேன். கடல் பக்கத்து ஊர், வேலைக்குக் குறைவில்லை. காரைக்கால்மேட்டிலிருந்து வரும் டிரான்சிஸ்டரைத் திறந்தால் உள்ளே உப்புப் பூத்திருக்கும். இலங்கை டிவி தெளிவாகத் தெரியவில்லை என்று யார் கூப்பிட்டாலும் மொட்டைமாடி ஏறி ஆன்டெனாவைத் திருப்பிவிட்டு வருவேன். ஆனால் எனக்கு எதிலும் இருப்புக்கொள்ளவில்லை. ஒரு கம்ப்யூட்டர் வாங்க வேண்டும், சொல்லிக்கொடுக்கும் சென்டர் திறக்க வேண்டும், அதுவும் ஊரில் முதல் ஆளாகத் திறக்க வேண்டும். அதற்குக் கூட்டு, பள்ளிக்கூடத்திலிருந்து கூடவே வந்த இவன். துபாயில் ஓர் ஆபீசில் கம்ப்யூட்டரில் வேலை பார்த்தவன், லீவில் வந்திருந்தான்.

எங்கள் ஒப்பந்தம் எளிமையானது. மிஷின் வாங்கினால் அவன் ஊரோடு இருந்துவிடுவான். வாங்காவிட்டால் மறுபடி சபர். வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போவதை எங்கள் ஊர் முஸ்லிம் வீடுகளில் அப்படித்தான் சொல்வார்கள். கல்யாணம் ஆனதிலிருந்து அவனும் அவன் மனைவியும் சேர்ந்து இருந்ததெல்லாம் லீவு நாட்கள்தான். பெண் குழந்தை அவனைக் கண்டால் கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். அவன் மனைவி ஒருநாள் என்னிடம் பட்டென்று கேட்டுவிட்டாள்.

"அண்ணே, சீக்கிரமா அந்த மிஷின வாங்கித் தொலைங்களேன். இவ வாப்பான்னு கூப்புடறதெல்லாம் போட்டோவத்தான்."

வாங்கித் தொலைக்கத்தான் நானும் துடித்தேன். மெட்ராசில் மிஷின் பூட்டித் தருகிற ஆளிடம் பேசியும் முடித்துவிட்டேன். டூ எயிட்டி சிக்ஸ் சிப்பு போட்ட மிஷின். இவன்தான் இழுத்தடித்தான்.

"த்ரீ எயிட்டி சிக்ஸ் வருதாம்டா."

"வரட்டுமே. வந்து என்னைக் கடிக்கவா போவுது?"

"அது வந்துட்டா இத எவன் சீந்துவான், சொல்லு."

கடைக்கு வந்து ஸ்டூலை இழுத்துப்போட்டால் இதே பேச்சுதான். இதுவரை அந்தக் கம்பெனி தன் சிப்பை மற்றவர்களும் செய்து விற்க விட்டதாம், இந்தத் தடவை விடாதாம், தானே வைத்துக்கொள்ளுமாம். அப்படியானால் விலை இறங்காது என்பான். மறுநாளே வந்து, ஜப்பான்காரன் சும்மா இருக்கமாட்டான், அவன் போட்டிக்கு வந்தால் இவன் இறக்கித்தான் ஆகணும், பொறுத்திரு என்பான். முதலில் எனக்கும் அந்தப் பைத்தியம் பிடித்திருந்தது, பொய் சொல்வானேன். அந்தக் கம்பெனி முதலாளி எங்களைக் கேட்டுத்தான் கையெழுத்துப் போடுவார் என்கிற மாதிரி சண்டை போட்டிருக்கிறோம். டீ ஆறி ஏடு கட்டியிருக்கும். பிறகு பிறகு எனக்குச் சலித்துவிட்டது. ஏதாவது ஒன்றை முடிவு செய்டா பாவி என்று கத்த வேண்டும்போல் இருக்கும்.

இத்தனை செய்தியும் எங்களுக்குப் பாரிசிலிருந்து வந்தது. என் சித்தப்பா அங்கே இருந்தார். எங்கள் ஊர்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் பலவற்றுக்கு அங்கே ஒரு கிளை உண்டு. அவர் படித்து முடித்த பத்திரிகைகளைக் கட்டி அனுப்புவார். பள்ளிக்கூடத்தில் எங்கள் இருவருக்கும் பிரெஞ்சு இருந்தது. நான் தேறியதே பெரிய காரியம், அவன் வகுப்பில் முதல். ஆகவே அவன் வாசிப்பான், நான் கேட்பேன். பிரெஞ்சில் சிப்புக்குப் பெயர் 'ப்யூஸ்'. தெள்ளுப்பூச்சி என்று அர்த்தம். ஒருநாள் "புது ப்யூஸ் பிரமாதமாம்டா" என்று அவன் உரக்கச் சொல்ல, டிவி எடுத்துப்போக வந்திருந்த கோட்டுச்சேரிக்காரர், "அப்ப நமக்கும் அதையே போட்டுடுங்க தம்பி, பழசு அடிக்கடி போயிடுது" என்றார். அன்றைக்கு வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அதே பத்திரிகையில்தான் அந்தப் பாழாய்ப்போன வரியும் இருந்தது. பழைய சிப்புகளுக்கு எழுதிய புரோகிராம்களைக் கம்பெனி 'எவாந்துவெல்மான்' கைவிடும் என்று. கைவிட்டால் அவை புதுச் சிப்பில் ஓடாது. வாசித்ததும் அவன் முகம் மாறிவிட்டது. இங்கிலீஷில் 'ஈவென்ச்சுவலி' என்றால் கடைசியில் நடந்தே தீரும் என்று பொருள். ஆபீஸ் இங்கிலீஷும் பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சும் ஒரே மண்டையில் இருந்ததால் இதுவும் அதுதான் என்று அவனுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. அவன் சொன்னால் எனக்கு வேதவாக்கு.

"பாத்தியா? கடைசியில கைவிட்டுடுவான். எழுதியே போட்டுட்டான். இன்னைக்கு வாங்குற மிஷின நாளைக்கு எடைக்குக்கூட எவனும் எடுக்கமாட்டான்."

"கைவிடுறப்ப கைவிடட்டும்டா. அதுக்குள்ள நாம நாலு பேருக்குச் சொல்லிக்குடுத்திருப்போம்ல?"

"ஒனக்கு வெளங்காது. இன்னும் ஒரே ஒரு சபர். அடுத்த சிப்பு வரட்டும், அதையே நேரா வாங்கிடுவோம்."

டிக்கெட் போட்டுவிட்டான். நான் அவனோடு சரியாகப் பேசக்கூட இல்லை. அவன் மனைவி மட்டும் அவனை ஒரு சொல் சொல்லவில்லை. வாயிலிருந்த வசவெல்லாம் அந்தக் கம்பெனிக்குத்தான். "எங்கயோ கெடக்குற ஒரு சனியன் எங் குடியக் கெடுக்குது பாருங்கண்ணே! எங்க வீட்டுக்காரங்களும்தான் என்ன செய்வாங்க பாவம், கம்பெனிக்காரன் கைவிடுறேங்குறான்" என்பாள்.

அந்தச் சமயத்தில் சித்தப்பா மகள் பாரிசிலிருந்து விடுமுறைக்கு வந்தாள். அங்கேயே பிறந்து வளர்ந்தவள், தமிழை எண்ணி எண்ணிப் பேசுவாள். நாளைக்கு வேளாங்கண்ணிக்குப் போவோமா, வருகிறாயா என்று கேட்டேன். "எவாந்துவெல்மான்" என்றாள். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சரி, கண்டிப்பாக வருகிறாள் என்று வாடகைக் காருக்குச் சொல்லிவிட்டேன். காலையில் கார் வாசலில் நின்று ஹாரன் அடிக்கிறது. மெழுகுவத்தியும் மாலையும் கூடையில் தயார். மகாராணி நைட்டியோடு உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருக்கிறாள்.

"என்னம்மா, இன்னும் கெளம்பலியா? வர்றேன்னு சொன்னியே!"

"நான் சொல்லலையே அண்ணா. எவாந்துவெல்மான்னு சொன்னேன்."

"அதான், கண்டிப்பா வர்றேன்னு."

"ஐயோ இல்லை! ஒருவேளை. வரலாம், வராமலும் இருக்கலாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓடிப்போய் அந்தப் பத்திரிகையை எடுத்துவந்து வரியைக் காட்டினேன். அவள் வாசித்துவிட்டு, "கைவிட்டாலும் விடலாம்னு போட்டிருக்கு. அவங்களுக்கே இன்னும் தெரியாது" என்றாள். அன்றைக்கு மத்தியானம்தான் என் கூட்டாளி துபாய் போக மெட்ராஸ் பஸ் ஏறுகிறான். மாதா மன்னிக்கட்டும் என்று அந்தக் காரிலேயே ஏறி நேரே அவன் வீட்டுக்கு விடச் சொன்னேன்.

தெருவிலிருந்தே கத்திக்கொண்டு போனேன். "டேய், ஒருவேளைடா! அந்தச் சொல்லுக்கு ஒருவேளைன்னுதான்டா அர்த்தம்!"

கூடத்தில் அட்டைப்பெட்டிக்குக் கயிறு கட்டி முடித்திருந்தார்கள். அவன் மனைவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள். பத்திரிகையில் போட்டிருந்ததையும், பாரிஸ் பெண் சொன்ன அர்த்தத்தையும் மூச்சு வாங்க அவளுக்குச் சொன்னேன்.

"அப்ப, கைவிடுறேன்னு அவன் சொல்லவே இல்லியாண்ணே?"

"சொல்லவே இல்லம்மா. இப்பவே மெட்ராசுக்கு டிரங்க்கால் போட்டா மிஷின் வந்துடும். இவன் ஏன் போவணும்?"

அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை. வேறு எதுவும் கேட்காமல் குனிந்து பெட்டிக் கயிற்றின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள். அவன் மெதுவாக அவள் கைமேல் கை வைத்தான்.

"அதுக்கில்ல புள்ள. இது ஒருவேளைன்னே இருக்கட்டும். எப்படியும் அந்தச் சிப்புக்கு அடுத்ததுன்னு ஒண்ணு வரும்ல. அதையும் பாத்துக்கிட்டு..."

எங்கள் இரண்டு பேர் முகத்தையும் அவன் பார்க்கவே இல்லை. எனக்கு அவனை அறைய வேண்டும்போல் இருந்தது. பாதி அவிழ்த்த கயிற்றை அவளே இழுத்துக் கட்டினாள். அவன் பாஸ்போர்ட்டைத் தேடுவதாகச் சொல்லிக்கொண்டு உள்ளே போனான்.

ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டுமே என்று, "அடுத்த லீவுக்கு வரட்டும், நான் விடமாட்டேன் பாரு" என்றேன்.

"அண்ணே, நீங்க இன்னைக்கு வராமலேயே இருந்திருக்கலாம்" என்றாள். "அந்தக் கம்பெனிதான் எங்களப் பிரிக்குதுன்னு நெனச்சுக்கிட்டு எப்படியோ காலத்த ஓட்டியிருப்பேன்."