சவரிமுத்துவைப் பிடித்தது யார்?

கரி எரிந்த காந்தல் வாசனை மூக்கில் ஏறினால் பத்திரிகை வந்துவிட்டது என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல், முதுகில் கரியடுப்பைச் சுமந்துகொண்டு திண்டிவனத்திலிருந்து இரைத்து இரைத்து வந்து சேரும் "கரி பஸ்"தான் அன்றைய செஞ்சிக்கு உலகத்தைக் கொண்டுவந்தது. கடைத்தெரு வாசகசாலையில் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிப்பார். உள்ளே விரித்த பாய் ஊர்க்காரர்களுக்கு. தெருப் பக்கத்துச் சன்னல் எங்களுக்கு. நாங்கள் சேரிக் கிறிஸ்தவர்கள். என் நைனா சவரிமுத்து, கழனி வேலை முடிந்து வந்ததும் என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு அந்தச் சன்னலோரம் நின்று கேட்பார்.

யுத்தச் செய்தி முடிந்து விளையாட்டுச் செய்தி வந்தால் உள்ளே சண்டை தொடங்கிவிடும். இதுவரை பிறந்த ஆட்டக்காரர்களிலேயே பெரியவன் யார் என்பதுதான் சண்டை. நாள் முழுக்க வெயிலில் மட்டை பிடித்து நிற்பவனுக்குத்தான் வலுவும் பொறுமையும் ஒருசேர வேண்டும் என்று பள்ளிக்கூட வாத்தியார் கிரிக்கெட் பக்கம் பேசுவார். வடநாட்டு மல்லன் ஒருவன் கட்டிப் பிடித்தால் அந்த மட்டைக்காரனின் எலும்பு என்னாகும் என்று ஜவுளிக்கடைக்காரர் கேட்பார். வக்கீல் குமாஸ்தாவுக்கு ஹாக்கிதான் உயிர். ஓடுகிறவனையும் மல்லுக்கட்டுகிறவனையும் எந்தத் தராசில் நிறுப்பது என்று ஒருநாள் எல்லாரும் திணறியபோது வாத்தியார் ஒரு வழி சொன்னார்: தன் ஆட்டத்தில் யாரிடமும் தோற்காதவன் எவனோ, அவனே பெரியவன்.

மல்லாக்கொட்டை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வல்லத்திலிருந்து வந்திருந்த கோவிந்தசாமி என்ற விவசாயி பாயின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அப்படியானால் அந்த ஆள் இதோ சன்னலுக்கு வெளியே நிற்கிறான் என்றார் அவர். அறுப்பு முடிந்த கழனிகளில், ஊர்க் கண்ணுக்கு மறைவாக, அவரும் நைனாவும் சடுகுடு ஆடியிருக்கிறார்கள். மூச்சு விடாமல் "சடுகுடு" பாடியபடி எதிர்க்கட்சிக்குள் போய், ஆளைத் தொட்டுவிட்டுக் கோட்டுக்குத் திரும்பும் சவரிமுத்துவை ஒருவராலும் பிடித்து நிறுத்த முடிந்ததில்லை என்று அவர் விவரித்தார்.

உள்ளே சிரித்தார்கள். சடுகுடுவெல்லாம் ஒரு விளையாட்டா, அதிலும் சேரிக்காரனா என்றார் ஜவுளிக்கடைக்காரர். நான் நைனாவின் தலைமுடியை இறுகப் பற்றிக்கொண்டேன். அவர் குனிந்த தலையோடு நகர்ந்துவிடுவார் என்றுதான் அத்தனை பேரும் நினைத்திருப்பார்கள். அவரோ, "சாமி" என்று கூப்பிட வேண்டிய இடத்தில் "ஐயா" என்று ஆரம்பித்தார்.

"ஐயா, நீங்க படிச்ச ஆளுங்க அல்லாரும் பெரிய ஆளுங்கதான். யாரையும் நான் கொறச்சிச் சொல்லல. என்னெப் புட்சி நிறுத்துன ஆளு யாருன்னு மட்டும் சொல்லுங்க. இல்லன்னா வந்து புட்சிப் பாருங்க."

ஊர் இளவட்டங்களுக்கு ரத்தம் கொதித்தது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு காய்ந்த ஆற்று மணலில் ஆட்டம் என்று முடிவானது. அம்மா அழுதார்; இனி யார் வேலை கொடுப்பார்கள் என்பது அவர் பயம். கோயில் உபதேசியார் வீடு தேடி வந்து, "ஏழை சொல்லு அம்பலம் ஏறாது சவரி" என்று தடுத்துப் பார்த்தார்.

"அம்பலத்துக்கு நானா ஏறப் போறேன்? அவங்களத்தான் மணலுக்கு எறங்கச் சொன்னேன்" என்றார் நைனா.

அவர்கள் இறங்கினார்கள். கோவிந்தசாமியும் அந்த இளவட்டங்களின் கட்சியில்தான் நின்றார். பெரியவர்கள் கரைமேல் இருந்து பார்த்தார்கள். நைனா பாடிக்கொண்டு கோட்டைத் தாண்டிய பிறகுதான், அவரைப் பிடிக்க வேண்டுமானால் தொட வேண்டும் என்பது அந்தப் பையன்களுக்கு உறைத்தது. கரையைப் பார்த்தார்கள். ஓரடி பின்வாங்கினார்கள், பிறகு இன்னும் ஓரடி. நைனா ஒருவனைத் தொட்டுவிட்டுச் சுலபமாகத் திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. யாரையும் தொடவும் இல்லை. அவர்களுக்கு நட்டநடுவே போய்க் கைகளை விரித்தபடி நின்றுவிட்டார். தொடாமலே தோற்றுவிட்டு நாளைக்கு அதற்கொரு காரணம் சொல்ல அவர்களை விடமாட்டார் என்பது எனக்குக்கூடப் புரிந்தது. பாட்டு மெலிந்துகொண்டே வந்தது. கழுத்து நரம்புகள் புடைத்தன. மூச்சு விட்டுவிடுவார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது கோவிந்தசாமி அவர் கணுக்காலைக் கட்டிப் பிடித்திருந்தார். அதைப் பார்த்த வெட்கமோ ஆத்திரமோ, மற்றவர்களும் அவர்மேல் விழுந்தார்கள். இடுப்பில் ஒருவன், முதுகில் ஒருவன், கழுத்தில் ஒருவன். நைனா கண்ணுக்குத் தெரியவில்லை. குவியலுக்கு அடியிலிருந்து "சடுகுடு, சடுகுடு" மட்டும் வந்தது. பிறகு அந்தக் குவியல் அசைந்தது. மணலில் உழவுச்சால்போலப் பள்ளம் பறித்துக்கொண்டு கோட்டை நோக்கி நகர்ந்தது. அதிலிருந்து ஒரு கை நீண்டு கோட்டைத் தொட்டபோதும் பாட்டு அறுந்திருக்கவில்லை.

கிணற்றில் தலை முழுகிவிட்டுத்தான் வீட்டுக்குள் வர வேண்டும் என்று பையன்களுக்குக் கரையிலிருந்து உத்தரவு வந்தது. கோவிந்தசாமி மட்டும் மணலைத் தட்டிவிட்டு அப்படியே வண்டி ஏறினார். அம்மா பயந்ததுபோலவே நைனாவுக்கு ஊரில் வேலை நின்றது; அந்த வருஷமெல்லாம் அவலூர்பேட்டைப் பக்கம் போய்க் கூலி வேலை செய்தோம். வாசகசாலைச் சன்னலையும் சாத்திவிட்டார்கள். ஊருக்குத் திரும்பிய ஒருநாள், சாத்திய சன்னலுக்கு வெளியே நைனா போய் நின்றார். உள்ளே சண்டை ஓயவில்லை, ஆனால் அவர் பெயரை ஒருவரும் எடுக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது.

"பேரு சொல்லாட்டி இன்னா கண்ணு? அவங்க ஒடம்புல மண்ணு ஒட்டிச்சில்ல, அது அவங்களுக்குத் தெரியும்" என்றார்.

இன்று அந்த வாசகசாலை இல்லை. அங்கே செல்போன் கடை. ஆற்றில் அப்படி ஆடுவதற்கு மணலும் இல்லை. சடுகுடு கபடியாகி, விளக்கு வெளிச்சத்தில் மெத்தை விரிப்பின்மேல் நடக்கிறது. என் பேரன்கள் உலகத்தின் பெரிய ஆட்டக்காரன் யார் என்று போனில் சண்டை போடுகிறார்கள். படம் எங்கே, சாதனைக் கணக்கு எங்கே என்று என்னையும் கேட்கிறார்கள். இரண்டும் என்னிடம் இல்லை. சென்ற ஆண்டு நைனாவின் கல்லறையைப் புதுப்பித்தபோது, பெயருக்குக் கீழே எந்த ஜெப வரியை வெட்டலாம் என்று பங்குச் சாமியார் கேட்டார். ஜெபம் வேண்டாம், "சடுகுடு ஆட்டக்காரர்" என்று வெட்டுங்கள் என்றேன். வழக்கமில்லையே என்று அவர் தயங்கினார். கல்தச்சர் உளியை எடுக்கும்வரை நான் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை.