மஞ்சள் பட்டன், தினமும் பத்து தடவை

தேவமணியைப் போலப் பயந்தவளை ஓசூர் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் கிடைக்காது. கேஸ் அடுப்பை அணைத்துவிட்டு மூன்று முறை திரும்பி வந்து பார்ப்பாள். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் எடுக்கவே மாட்டாள். ஹைவேயைக் கடக்க வேண்டுமென்றால், துணைக்கு இன்னொரு ஆள் வரும்வரை கால்மணி நேரமானாலும் ஓரத்திலேயே நிற்பாள். தொரப்பள்ளிப் பக்கத்து ரோஜாப் பண்ணையில் பதினோரு வருடமாகக் காம்பு அளந்து கட்டுப் போடுகிறாள். மேஸ்திரி வேறு யாரையோ திட்டினாலும் இவள்தான் தலையைக் குனிந்துகொள்வாள். கேட்டால் சிரிக்கத்தான் தோன்றும். ஆனால் அத்தனை பயத்துக்கும் காரணம் ஒருத்திதான், அவள் மகள் ஃபெபா.

ஃபெபாவுக்கு இருபத்தாறு வயது. அறிவு வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கும் என்று மூன்று வயதிலேயே டாக்டர் சொல்லிவிட்டார். விரல் மடக்கிப் பத்து வரை எண்ணுவாள். சொன்னதைச் சொன்னபடி இம்மி பிசகாமல் செய்வாள். நாலு வேலையைச் சேர்த்துச் சொன்னால் மட்டும் திகைத்துப்போவாள். அப்பா அருள்ஜோசப் லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். மாரடைப்பில் போய்ச் சேர்ந்து எட்டு வருடமாகிறது. நமக்குப் பிறகு இவளுக்கு யார் என்ற கேள்வி அன்றைக்குத் தேவமணியின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது, இன்னும் இறங்கவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு கார்மென்ட்ஸில் நூல் வெட்டும் வேலைக்கு ஃபெபாவைச் சேர்த்துவிட்டாள். முதல் மூன்று நாள் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்து காட்டிக்கொடுத்தாள். நாலாம் நாள் அந்தப் பெண்ணை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஃபெபா நூலோடு சேர்த்து ஏழெட்டுச் சட்டையையும் வெட்டி வைத்தாள். அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அது போகட்டும். அதன் பிறகு ஒரு மாதம், தினமும் காலையில் தலை சீவி, கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு, கம்பெனி பஸ் வரும் இடத்தில் போய் நின்றாள் பாருங்கள், அதைத்தான் தேவமணியால் தாங்க முடியவில்லை. பஸ் நிற்காமல் போகும். இவள் கை காட்டிக்கொண்டே இருப்பாள்.

இந்த வருடம் சிப்காட்டில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் மறுபடியும் வேலை அமைந்தது. ஒரு கவருக்குள் நாலு போல்ட், நாலு வாஷர், இரண்டு ரப்பர் வளையம் போட வேண்டும். இந்த முறை காட்டிக்கொடுக்க ஆள் இல்லை, மேஜையே காட்டிக்கொடுத்தது. எந்தப் பெட்டியிலிருந்து எடுக்க வேண்டுமோ அதன்மேல் விளக்கு எரியும். எடுத்ததும் அணைந்து அடுத்த பெட்டியின்மேல் எரியும். எதிரே திரையில் படம் வரும். குழப்பமாக இருந்தால் மஞ்சள் பட்டனை அமுக்கலாம், எப்படிச் செய்வதென்று வீடியோ ஓடும். கடைசியில் கவரைத் தராசில் வைத்தால், சரியென்றால் பச்சை, தப்பென்றால் சிவப்பு. இதையெல்லாம் பழக்கிவிட்டவள் ஸ்வாதி. வாரத்தில் ஒரு மத்தியானம் வந்து பார்த்துவிட்டுப் போகும் பயிற்சியாளர், வீட்டில் கன்னடம் பேசுகிறவள். தேவமணிக்கு அவள் டீச்சர்.

ஆறாவது வாரம் ஸ்வாதி சந்தோஷமாகப் போன் பண்ணினாள்.

“அம்மா, நம்ம ஃபெபா சூப்பர்! மொதல்ல ஒரு நாளைக்கு முப்பது தடவை மஞ்சள் பட்டனை அமுக்குவா. இப்ப ரெண்டே தடவைதான். இப்படியே போனா கொஞ்சம் கொஞ்சமா அந்த லைட்டு, படம் எல்லாத்தையும் எடுத்துடலாம். அவளே செஞ்சுக்குவா.”

எடுத்துவிடுவார்களாமே! அந்தப் பெண் நல்ல சேதி சொன்ன திருப்தியில் போனை வைத்துவிட்டது. தேவமணிக்கோ வெட்டுப்பட்ட சட்டைகள்தான் கண்ணுக்குள் வந்து நின்றன.

அன்று சாயங்காலம் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

“பாப்பா, நாளையிலருந்து அந்த மஞ்சள் பட்டனை தெனமும் பத்து தடவை அமுக்கணும். தெரிஞ்சாலும் அமுக்கணும். யார்கிட்டயும் சொல்லாத, என்ன?”

ஃபெபா அம்மாவின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

பெற்ற மகள் தேறிவிடக் கூடாதென்று திட்டம் போட்ட தாயை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? இந்தப் புத்தியை என்னவென்று சொல்வது! பயம் ஒரு ஆளை என்ன பாடெல்லாம் படுத்துகிறது.

மூன்று வாரம் கழித்து மறுபடியும் ஸ்வாதி பேசினாள். இந்தத் தடவை குரலில் சிரிப்பில்லை. மறுநாள் காலையில் வேலை ஆரம்பிக்கும் முன்னால் கம்பெனிக்கு வரச் சொன்னாள். தேவமணி பண்ணைக்கு லீவு சொல்லிவிட்டு, டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இயேசப்பா, இயேசப்பா என்று வாய்க்குள் சொன்னபடியே போய்ச் சேர்ந்தாள்.

“பன்னிம்மா, கூத்கொள்ளி,” என்று கன்னடத்தில் உட்காரச் சொல்லி ஸ்வாதி நாற்காலியை இழுத்துப் போட்டாள். சூப்பர்வைசர் ராஜசேகர் ஒரு தாளை நீட்டினார்.

“உங்க பொண்ணு ஒரு நாளைக்கு மொத்தம் எத்தன தடவை உதவி கேட்டான்னு இதுல இருக்கும்மா. மூணு வாரமா பத்து, பத்து, பத்துன்னே நிக்குது. இதுக்கு மேல கத்துக்க மாட்டான்னு மேல முடிவு பண்ணிட்டாங்க. அந்த மேஜைக்கு வேற புள்ளைங்க காத்திருக்காங்க. இந்த வாரத்தோட போதும்னுட்டாங்க.”

தேவமணி தாளை வாங்கிப் பார்த்தாள். தான் வைத்த தீ தன் வீட்டிலேயே பிடித்துக்கொண்டதே!

“நாந்தான் சார் அமுக்கச் சொன்னேன்,” என்றாள். “அவளுக்கு வேலை தெரியும் சார். நாந்தான்...”

ராஜசேகர் கோபப்படவில்லை. பரிதாபமாகப் பார்த்தார், அதுதான் கொடுமை. “வுடும்மா. புள்ள வேலை போகுதுன்னா நானுந்தான் இப்பிடி ஏதாச்சும் சொல்லுவேன்.”

வாழ்க்கையில் ஒரு தடவை துணிந்து உண்மையைச் சொன்னால் அதை நம்ப ஆளில்லை. நிரூபிக்க ஒரே ஒரு வழிதான் இருந்தது. எதற்குப் பயந்து இவ்வளவும் செய்தாளோ, அதையே தன் வாயால் கேட்க வேண்டியிருந்தது.

“லைட்டை அணைச்சுடுங்க சார். படத்தையும் அணைச்சுடுங்க. அவ செய்யட்டும்.”

“பேடாம்மா, வேணாம்!” என்று பதறினாள் ஸ்வாதி. “ஒண்ணொண்ணாத்தான் எடுக்கணும். திடீர்னு எடுத்தா பயந்துடுவா.”

“இந்த வாரத்தோட அனுப்பறேன்றீங்களே டீச்சர். அப்புறம் ஒண்ணொண்ணா எங்க எடுப்பீங்க?”

மூவரும் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்றார்கள். கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கிய ஃபெபா மேஜைக்கு வந்தாள். பெட்டிகளின்மேல் விளக்கு ஒன்றும் எரியவில்லை. திரை கறுப்பாகக் கிடந்தது. ஒவ்வொரு பெட்டியையும் தொட்டுப் பார்த்தாள். பிறகு மஞ்சள் பட்டனை அமுக்கினாள்.

தேவமணிக்கு உயிரே போயிற்று.

“பாத்தீங்களா,” என்றார் ராஜசேகர் மெதுவாக.

மறுபடியும் அமுக்கினாள். மறுபடியும். ஒவ்வொரு தடவைக்கும் இடது கையில் ஒரு விரல் மடங்கியது, ஐந்தும் மடங்கியதும் ஒவ்வொன்றாக விரிந்தது. ராஜசேகர் கண்ணாடியை ஒட்டி வந்து அந்தக் கையைக் கவனித்தார். பத்தாவது தடவையோடு ஃபெபா நிறுத்தினாள், கையைத் துணியில் துடைத்தாள், வேலையை ஆரம்பித்தாள்.

நாலு போல்ட், நாலு வாஷர், இரண்டு வளையம், தராசில் பச்சை. அடுத்ததும் பச்சை. மூன்றாவதற்குச் சிவப்பு எரிந்தது. தேவமணி கண்ணாடியைப் பிடித்துக்கொண்டாள், ஓடிப்போய் உதவலாமா என்று கால் பரபரத்தது. ஃபெபா கவரைக் கொட்டினாள், ஒவ்வொன்றாகத் தள்ளி வைத்தாள். எண்ணெயில் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு வாஷரை நகத்தால் பிரித்து, ஒன்றைப் பெட்டியில் திருப்பிப் போட்டாள். பச்சை எரிந்தது.

இருபது கவர் வரை பார்த்தார் ராஜசேகர். “மேல நான் பேசிக்கறேன். அவ எங்கயும் போகல,” என்றார். “மொதல்ல போயி அந்தப் பத்தை நிறுத்தச் சொல்லும்மா.”

அம்மாவைப் பார்த்ததும் ஃபெபா இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். “பத்து அமுக்கிட்டேம்மா.”

“இனிமே வேணாம் பாப்பா.”

“உனக்கு பயம் போயிடுச்சா?”

பயமென்று மகளிடம் தேவமணி ஒரு வார்த்தையும் சொன்னதில்லை.

“எனக்குத்தான் தெரியுமே இந்த வேலை,” என்றாள் ஃபெபா. “நீதான பயந்த. அதான் அமுக்கினேன்.”

“போகலடி,” என்றாள் தேவமணி. “இருக்கு. ஆனா நீ அமுக்க வேணாம்.”

ஃபெபா அடுத்த கவரை எடுத்து அதன் வாயைப் பிரித்தாள்.

“அப்ப நீ வூட்டுக்குப் போம்மா. எனக்கு வேலை இருக்கு.”